ஆஃப்ரிகான்ஸில் நின்றுபோன டிவி

போன வெள்ளிக்கிழமை நான் எங்கள் வீட்டு டிவியைத் திட்டிய திட்டு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டதாம். மறுநாள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மனுஷரைத் திட்டியிருக்கிறேன். பஸ்ஸைத் திட்டியிருக்கிறேன். ஒரு தடவை, துணி காயவில்லை என்று மழையைக்கூடத் திட்டியிருக்கிறேன். ஆனால் டிவியைத் திட்டியது இதுதான் முதல் தடவை. அதுவும் புத்தம் புது டிவி. எச்டி.

காரணம் இல்லாமல் திட்டுவேனா? கேளுங்கள்.

எல்லாம் புஷ்பத்தால் வந்தது.

புஷ்பம் என் பக்கத்து வீட்டுக்காரி. என் வயதுதான். இருவரும் ஒன்றாகக் கொழுந்தெடுக்கப் போனோம். நான் இடுப்பு வலி தாங்காமல் தையல் மெஷினுக்கு மாறிவிட்டேன். அவள் இன்னும் மலைக்குப் போகிறாள். எங்கள் பழைய டிவி, முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் பானை மாதிரியும் இருக்குமே, அது ஓர் இடிமழையில் ‘டப்’ என்று செத்துப்போனது. அன்றிலிருந்து நான் நாடகம் பார்ப்பது புஷ்பத்தின் வீட்டில்.

நாடகம் என்றால் மூன்று வருடமாக ஓடுகிற ஒன்று. ஒரு மாமியார், ஒரு மருமகள், நடுவில் ஒன்றுக்கும் உதவாத ஒரு மகன். மூன்று வருடமாக முறைத்துக்கொண்டிருந்த மாமியார், கடைசியில் ஒரு டம்ளர் பாலில் விஷம் கலக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டாள். இப்படி ஒரு கட்டம் வரும் என்றுதானே மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன்?

சரியாக அந்த இடத்தில் விளம்பரம் போட்டார்கள். புஷ்பம் ரிமோட்டை எடுத்து வேறு சேனலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பிள்ளை பாட்டுப் போட்டியில் பாடிக்கொண்டிருந்தது.

“ஏண்டி, விளம்பரம் முடிஞ்சிருக்கும்டி. மாத்துடி.”

“இருடி. இந்தப் புள்ள பாடி முடிக்கட்டும்.”

“அது நாளைக்கும் பாடும்டி! அங்க வெசம் கலக்குறாளுங்க!”

“ஓசில பாக்குற ஆளுக்கு இம்புட்டு அவசரமா?”

அவள் திரும்ப மாற்றியபோது விஷம் கலந்து முடிந்திருந்தது. டம்ளர் மட்டும் நின்றது. ஆனால் எனக்கு டம்ளர் தெரியவில்லை. ‘ஓசி’ என்ற ஒரு சொல்தான் தெரிந்தது.

ஓசியா? அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கொண்டுபோன கஞ்சி ஓசி இல்லையா? அவள் சட்டைக்கெல்லாம் கொக்கி வைத்துக் கொடுத்தேனே, அது ஓசி இல்லையா? கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். அவளும் சும்மா இருக்கவில்லை. அவள் கொடுத்த கருவாட்டிலிருந்து கணக்கை ஆரம்பித்தாள். கடைசியில் நான் எழுந்து நின்று சபதம் போட்டேன்.

“இனி ஒன் வாசப்படிய மிதிச்சா என்னைய ஏன்னு கேளு! அந்தப் பால யாரு குடிக்கிறான்னு என் வீட்ல, என் டிவில பாப்பேன். பாக்கலன்னா நான் சரோஜா இல்ல!”

வாயை விட்டாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் டிவி இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாலை ஒருத்தர் குடித்தே தீருவார் என்று விளம்பரத்தில் சொல்லிவிட்டார்கள். ஆக எனக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் டிவி வர வேண்டும். அல்லது நான் தலையைக் குனிந்துகொண்டு புஷ்பம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அதற்குப் பதிலாக அந்தப் பாலை நானே குடித்துவிடலாம்.

திங்கட்கிழமை ஹட்டன் டவுனுக்குப் போனேன்.

டிவிக் கடைக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சுவர் முழுக்க டிவி. எல்லா டிவியிலும் ஒரே மீன். விலை கூடின டிவியில் மீனின் செதில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. விலை குறைந்த டிவியில் மீன் தெரிந்தது. எனக்கு மீன் தெரிந்தால் போதும்.

சுமித் என்று ஒரு சேல்ஸ்மேன் வந்தான். சிங்களப் பிள்ளை. நன்றாகவே தமிழ் பேசினான். சிரித்த முகம். அந்த முகத்தை நான் அந்த வாரத்தில் என்ன பாடு படுத்தப் போகிறேன் என்று பாவம் அவனுக்கு அப்போது தெரியாது.

“அக்கா, ஃபோர்கே பாக்கிறதா, ஃபுல் எச்டி பாக்கிறதா, எச்டி ரெடி பாக்கிறதா?”

“எச்டி ரெடின்னா என்ன?”

“அது... கொஞ்சம் எச்டி அக்கா.”

“கொஞ்சம் எச்டியா? கொஞ்சம் முழுகாம இருக்கேன்ற மாதிரியா?”

அவனுக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவர் ரைஸ்குக்கரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கடைசியில் விலை குறைந்ததிலேயே ஃபுல் எச்டி ஒன்றைப் பிடித்தேன். கம்பெனியின் பெயரை வாசிக்க முடியவில்லை. போகட்டும், நான் என்ன பெயரையா பார்க்கப்போகிறேன்? பணத்தை எண்ணிக் கொடுக்கிற நேரத்தில் சுமித் மெதுவாகச் சொல்கிறான், “அக்கா, டிவி எச்டியா இருந்தா மட்டும் போதாது தானே. டிஷ் பெட்டியும் எச்டி வேணும்.” சட்டை தைத்துக் கொடுத்த பிறகு, ‘கைக்குத் தனிக் காசு’ என்று நான் கேட்டால் விடுவார்களா? ஆனாலும் கடன்பட்டு அதையும் வாங்கினேன். சபதம் அப்படி.

வரும்போது பஸ்ஸில் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார் கண்டக்டர். ஏன் என்று கேட்டதற்கு, “சீட்ல உக்காந்திருக்குல்ல?” என்றார். நான் நின்றுகொண்டு வந்தேன். டிவி உட்கார்ந்து வந்தது.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. கோயில் கமிட்டியில் இருக்கிறார். வீட்டுக்குப் புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் அதற்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டாமல் தொட விடமாட்டார். எங்கள் கேஸ் சிலிண்டருக்குப் பொட்டு உண்டு. தண்ணீர் டாங்கிக்குப் பொட்டு உண்டு. என் தையல் மெஷினுக்கு வெள்ளிக்கிழமை தோறும் உண்டு. பொட்டு இல்லாதது பூனை மட்டும்தான். அது ஓடிவிடும்.

டிவியைப் பழைய மேசையில் தூக்கி வைத்ததும் அவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“இந்தாங்க, கண்ணாடில வச்சீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்,” என்றேன். புது டிவி. எச்டி. நடிக்கிறவர்கள் நெற்றியில் போய் இவர் பொட்டு உட்காரக்கூடாது இல்லையா?

அவர் குனிந்து பார்த்தார். டிவியின் கீழ்ச் சட்டத்தில், சரியாக நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று பளபளவென்று துருத்திக்கொண்டிருந்தது.

“பாத்தியா சரோ,” என்றார் சந்தோஷமாக. “கம்பெனிக்காரனே பொட்டு வைக்க எடம் விட்டிருக்கான்.”

வைத்தார். தாராளமாக வைத்தார்.

உங்களில் கெட்டிக்காரர்களுக்கு இந்நேரம் எல்லாம் விளங்கியிருக்கும். தயவு செய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

டிவியின் பின்னால் ஒரே ஒரு பட்டன். அதை அமுக்கினால் எரியும். இன்னொரு தரம் அமுக்கினால் அணையும். அதற்கு மேல் எல்லாம் ரிமோட்டில். அமுக்கினேன், எரிந்தது. அழகான நீல நிறம். ‘உங்கள் மொழியைத் தெரிவு செய்யுங்கள்’ என்கிற மாதிரி ஏதோ இங்கிலீஷில் வந்தது. கீழே மொழிகள் வரிசையாக. முதலில் ஆஃப்ரிகான்ஸ். அதன் மேல் மஞ்சள் கோடு.

ரிமோட்டை அமுக்கினேன். ஆஃப்ரிகான்ஸ்.

இன்னும் பலமாக அமுக்கினேன். ஆஃப்ரிகான்ஸ்.

இதற்குள் புது டிவி பார்க்க லயத்தில் பாதி வந்துவிட்டது. வீட்டுக்குள் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை.

“பெட்டரிய மாத்திப் போடுங்கக்கா.”

“வெயில்ல வைங்க, பெட்டரிக்கு உசுரு வரும்.”

“எங்க வெயிலு? இந்தப் பனில நமக்கே உசுரு இல்ல.”

“கடிச்சுப் பாத்தீங்களா? லேசா கடிச்சா வேல செய்யும்.”

கடித்தேன். ஆம், கடித்தேன். பல் கூசியதுதான் மிச்சம். கிட்டப் போய் அமுக்கினேன், தூரப் போய் அமுக்கினேன். வாசலுக்கு வெளியே நின்று, ஜன்னல் வழியாக, திருடன் மாதிரி அமுக்கிப் பார்த்தேன். ஆஃப்ரிகான்ஸ் அசையவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் அந்த மொழிப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருத்தர் கொட்டாவி விட்டார். “படம் கிளியராத்தான் இருக்கு,” என்று ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

செவ்வாய்க்கிழமை டிவியைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஈரத் துணி எடுத்துப் பொட்டைச் சுத்தமாகத் துடைத்தார்.

“அது எதுக்கு இப்ப?”

“பொட்டோட ஒரு பொருளத் திருப்பிக் குடுக்கக்கூடாது சரோ. வீட்டு லச்சுமி கூடவே போயிரும்.”

சரி, லட்சுமி இருக்கட்டும் என்று டிவியை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அதே கண்டக்டர். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிக்கு டிக்கெட் மட்டும் கிழித்தார்.

கடையில் நான் பேசியதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சுருக்கமாகச் சொன்னால், ஏமாற்றுக்காரர்கள் என்றேன். ஏழை என்றால் எதையும் தலையில் கட்டலாமா என்றேன். தெருவில் போனவர்களும் உள்ளே வந்து நின்று கேட்டார்கள். சுமித் டிவியை எடுத்து நிறுத்தி, ரிமோட்டை அமுக்கினான்.

ஆஃப்ரிகான்ஸிலிருந்து மஞ்சள் கோடு தாவிக் குதித்துக் கீழே இறங்கியது. மேலே ஏறியது. ஆட்டுக்குட்டி மாதிரி.

“அக்கா, வேலை செய்யுது தானே?”

நான் பிடுங்கி அமுக்கினேன். எனக்கும் வேலை செய்தது. உள்ளே வந்து நின்ற கூட்டம் முழுவதும் இப்போது என்னைப் பார்த்தது. அதிலே ஒருவர், “அம்மாவுக்கு ரிமோட் அமுக்கத் தெரியலப் போல,” என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலையும் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெளியே போய்விட்டு வந்த பொருள். வீட்டுக்காரர் மறுபடி சந்தனம் குழைத்தார். மறுபடி குங்குமம். மறுபடி கற்பூரம். பட்டனை அமுக்கினேன். ரிமோட்டை அமுக்கினேன்.

ஆஃப்ரிகான்ஸ்!

புதன்கிழமை காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனேன். புஷ்பம் முன்னாலேயே குடத்தோடு நின்றாள். என்னோடு பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் நின்றவளிடம், எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“சில பேரு வீட்ல டிவி வாங்குனா வீட்ல இருந்து பாப்பாங்க. சில பேரு அத டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் ஊரு காட்டிட்டு வருவாங்க.”

பதில் சொன்னால் பேசியதாகிவிடும். பேசினால் தோற்றதாகிவிடும். குடத்தை ‘ணங்’ என்று வைத்தேன். அதுதான் என் பதில்.

ஒரே ஆறுதல், நாடகத்தில் நான் ஒன்றும் தவறவிடவில்லை. திங்கட்கிழமை அடுப்படியில் இருந்து கிளம்பிய பால் டம்ளர் புதன்கிழமை வரைக்கும் ஹாலைத் தாண்டவில்லையாம். மற்றவர்கள் சொன்னார்கள். நாடகக்காரர்களின் சோம்பேறித்தனத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக மனசார வாழ்த்தினேன்.

வியாழக்கிழமை மறுபடி டவுன். மறுபடி பொட்டைத் துடைத்தார். மறுபடி பஸ். இந்தத் தடவை கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. “இன்னமும் ஒடம்பு சரியில்லையாக்கா?” என்றார், பெட்டியைப் பார்த்து. பின் சீட்டில் இருந்த ஒருவர், “பெரியாஸ்பத்திரிக்குக் காட்டுங்க,” என்றார்.

கடை வாசலில் என்னைக் கண்டதும் சுமித் உள்ளே ஓடி முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். முதலாளி நம் ஆள்தான். நிதானமானவர். டிவியைப் போட்டார். வேலை செய்தது. அணைத்துப் போட்டார். வேலை செய்தது. என் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். அதுவும் வேலை செய்தது. துரோகி டிவி!

“அம்மா,” என்றார் முதலாளி. “சாமான்ல பழுது இருந்தா நான் மாத்தித் தந்துருவேன். ஆனா இது எங்ககிட்ட நல்லாத்தான் இருக்கு. ஒங்க வீட்லதான் ஏதோ இருக்கு.”

அவர் சொன்னது வீட்டுக் கரண்டை. அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னதும் என் வீட்டுக்காரரின் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்றுவிட்டார்.

“நான் நெனச்சேன். நம்ம வீட்ல ஏதோ இருக்கு. கண்ணேறு சரோ. அன்னைக்கு லயமே வந்து உக்காந்து பாத்துச்சுல்ல?”

அன்று டிவியை எடுத்து வைக்கவே விடவில்லை. நல்ல நேரம் பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் குளித்தார். டிவிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். பூசணிக்காய் சுற்றலாமா என்று கேட்டார். என் பார்வையைக் கண்டு விட்டுவிட்டார். ஆனால் பொட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணேறு பெரிது, அதனால் பொட்டும் பெரிது. ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சந்தனத்தை அப்பினார்.

நாடகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அமுக்கினேன்.

சொல்லவும் வேண்டுமா?

“பொறு சரோ,” என்றார். “கற்பூரம் இன்னும் அணையல.”

அப்போதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. ஒரு வாரம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தேனே! டவுன் சிரித்தது, பஸ் சிரித்தது, பீலிக்கரை சிரித்தது. இன்னும் சில நிமிடத்தில் பக்கத்து வீட்டில் அவள் காலை நீட்டிக்கொண்டு பாலை யார் குடிக்கிறார் என்று பார்க்கப் போகிறாள். நான் ஆஃப்ரிகான்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“நீயெல்லாம் ஒரு டிவியா?” என்று தொடங்கினேன். “சீட்ல உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தேனே, நன்றி இருக்கா ஒனக்கு? கடைக்காரனக் கண்டா குதிக்கிற, என்னையக் கண்டா செத்த பொணமா நிக்கிற! ஒனக்கு எலுமிச்சம்பழம் ஒரு கேடா? ஒனக்குப் பொட்டு ஒரு கேடா? இந்த வீட்ல ஒனக்கு இனி ஒரு மரியாதையும் கெடையாது!”

(இங்கே சில வரிகளை நானே வெட்டிவிட்டேன்.)

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துவாயை எடுத்து அந்தப் பொட்டைத் தேய்த்து எறிந்தேன். ஒரு கையில் துவாய். மற்றக் கையில், ஆத்திரத்தில் அமுக்கிப் பிடித்த ரிமோட்.

மஞ்சள் கோடு ஓடியது!

ஆஃப்ரிகான்ஸைத் தாண்டியது. அதற்கடுத்த மொழியைத் தாண்டியது. பெயர் தெரியாத பாஷைகளை எல்லாம் மிதித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடியது. நான் விரலை எடுத்தேன். நின்றது.

“பாத்தியா!” என்று வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நீ திட்டுனதும் அதுக்கு ரோசம் வந்துருச்சு.”

எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கறுப்புப் புள்ளியின் மேல் கட்டைவிரலை வைத்து ரிமோட்டை அமுக்கினேன். டிவி அசையவில்லை. விரலை எடுத்து அமுக்கினேன். ஓடியது. வைத்தேன், நின்றது. எடுத்தேன், ஓடியது. அதுதான் டிவியின் கண். ரிமோட் சொல்வதை அது அந்தக் கண்ணால்தான் பார்க்கிறது. என் புருஷன் அதன் கண்ணில் சந்தனத்தை அப்பிவிட்டு, ஏன் பார்க்க மாட்டேன் என்கிறது என்று கற்பூரம் காட்டியிருக்கிறார். கடைக்குப் போகும்போதெல்லாம் பயபக்தியோடு துடைத்தும் அனுப்பியிருக்கிறார்.

“கம்பெனிக்காரன் பொட்டு வைக்க எடம் விட்டிருக்கான்னு சொன்னது யாரு?” என்றேன்.

“கண்ணாடில வச்சா கைய ஒடிப்பேன்னு சொன்னது யாரு?” என்றார்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. நாடகம் தொடங்கப் போகிறது.

தமிழைத் தெரிவு செய்தேன். டிவி என்னிடம் ஏதேதோ கேட்டது. ‘ஏற்கிறீர்களா’ என்றது. ஏற்றேன். ‘அனுமதிக்கிறீர்களா’ என்றது. அனுமதித்தேன். எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டேன் என்று தெரியாது. என் தையல் மெஷினைக்கூட எழுதிக் கொடுத்திருக்கலாம். கடைசியில் படம் வந்தது.

ஐயோ, என்ன படம்! மூன்று வருடமாக நான் பார்த்தது நாடகமே இல்லை. மாமியாரின் பட்டுச் சேலையில் சரிகை தெரிந்தது. மருமகளின் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். மகனின் தலைமுடி எங்கே முடிகிறது, டோப்பா எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டியது. மாடிப்படியில் டம்ளர் ஏறிக்கொண்டிருந்தது. பாலில் ஆடை தெரிந்தது, ஆடை!

“ஐயையோ! மாமியாளே குடிச்சிட்டாளே!”

இது நானல்ல. புஷ்பம்.

லயத்து வீட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கும் புஷ்பத்துக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேல் எங்கள் புகை அவர்களுக்கு, அவர்கள் இருமல் எங்களுக்கு. அந்த வாரம் முழுவதும் அவள் நாடகம் போட்டதும் நான் தையல் மெஷினைப் படபடவென்று ஓட்டித்தான் காதை அடைத்துக்கொண்டேன். அன்று மெஷின் சும்மா இருந்தது.

என் டிவியில் டம்ளர் இன்னும் படியேறிக்கொண்டிருந்தது. யாரும் குடிக்கவில்லை!

“வாய மூடுடி புஷ்பம்!” என்று கத்திவிட்டேன். “இங்க இன்னும் குடிக்கலடி!”



“குடிக்கலையா? இங்க வாயில நொரையே வந்துருச்சு!”

“சொல்லாத! சொல்லாத!”

“புது டிவிதானடி? ஏண்டி லேட்டா வருது?”

“எச்டிடி!”

“எச்டின்னா லேட்டா வருமா?”

வருமாம். பிறகு சுமித்திடம் கேட்டேன். எச்டி படம் பெரிய படமாம். டிஷ் பெட்டி அதைப் பிரித்து அடுக்கிக் காட்டுவதற்குள் மற்றப் பெட்டிகளில் அது வந்து போய்விடுமாம். இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன். “அக்கா அப்ப கோவமா இருந்தது தானே,” என்றான்.

சரி, கதைக்கு வருகிறேன். மாமியார் என் டிவியிலும் குடித்தாள். நான் சபதம் போட்டு, கடன்பட்டு, பெட்டரியைக் கடித்து, பஸ்ஸில் நின்று, மூன்று வருடம் காத்திருந்து பார்த்த காட்சி. பக்கத்து வீட்டுக்காரி முன்னாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில்தான் ஒன்றைக் கவனித்தேன்.

“புஷ்பம்! மாமியா மூக்குல மரு இருக்குல்ல?”

“ஆமா, மூணு வருசமா இருக்கே.”

“ஒட்டு மருடி! நொர தள்ளி விழுந்தாள்ல, ஒரு ஓரம் கெளம்பி நிக்கிது!”

“பொய் சொல்லாத!”

“எச்டில தெரியுதுடி!”

“இங்க தெரியலையே... இங்க எல்லாம் கலங்குன மாதிரி இருக்கே...” அவள் குரல் சுவருக்குக் கிட்ட வந்தது. “நெசமாவே கெளம்பியிருக்கா?”

“வந்துதான் பாரேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

சபதம் போட்டது நான்தான். அவள் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். என் வாசப்படியை அவள் மிதிப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டப்படி பார்த்தால் தப்பே இல்லை.

அடுத்துப் போட்ட விளம்பரம் முடிவதற்குள் புஷ்பம் வந்துவிட்டாள். கையில் வறுத்த கடலை. “ஓசில பாக்க வரல,” என்று ஒரு கைப்பிடியை என் மடியில் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள். மாமியார் செத்துக் கிடந்ததைப் பார்த்தாள். மருவைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மகனின் டோப்பாவை நான் காட்ட, கடலை புரையேறிவிட்டது.

ஒரு வாரம் வைராக்கியமாகப் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன பிரயோசனம்? இந்தத் தோட்டத்தில் நிம்மதியாகக் கோபித்துக்கொண்டு இருக்க எங்களுக்கு ஒரு முழுச் சுவர்கூடக் கட்டித் தரவில்லை.